ஆரத்தித் தண்ணி

தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் தர்றீங்களா? அண்ணாந்துதான் குடிப்பேன், வாய் வைக்க மாட்டேன்.

அப்பாடா. உயிர் வந்துச்சு. நல்லா இருப்பீங்க தம்பி. முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தன் கேட்டதும் யோசிக்காம எடுத்து நீட்டினீங்க பாருங்க, அதுக்குப் பேருதான் மனுஷத்தனம். காலையிலேர்ந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கல நான். போன இடத்துல குடுக்கல. குடுத்திருந்தாலும் குடிச்சிருக்க மாட்டேன், அது வேற விஷயம்.

எதுவரைக்கும் போறீங்க? சாத்தங்கரணையா? நல்லதாப் போச்சு, அப்ப நேரமிருக்கு. நான் அதையும் தாண்டி டவுன்ஷிப்புக்கு. ஆமா, அணு உலைக்காரங்க டவுன்ஷிப்தான். அங்கதான் வேலை பார்த்து ரிடையர் ஆனேன், பக்கத்துலயே ஒரு வீட்டையும் கட்டிட்டேன். உடனே அப்படிப் பாக்காதீங்க. என் மேல ஒண்ணும் ஒட்டிக்கிட்டு வரல.

இல்ல இல்ல, நீங்க தப்பாப் பாத்தீங்கன்னு சொல்லல. எனக்கு இப்பல்லாம் யாரு பாத்தாலும் அப்படித்தான் தோணுது. மனசு வெறுத்துப் போயிருக்கேன். இந்தக் கவரைப் பாருங்க. இதுல என் பொண்ணோட போட்டோவும் ஜாதகமும் இருக்கு. இதை வாங்கத்தான் செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டு வரேன். பையன் வீட்டுக்காரங்க வேணாம்னு சொல்லிட்டாங்க. சரி, பிடிக்கலன்னா வேணாம். ஆனா போட்டோவைத் திருப்பி அனுப்பணும்ல? அனுப்பல. நானே போனேன். கேட்டைத் திறக்கல தம்பி. அந்தம்மா உள்ளேர்ந்து கவரைக் கொண்டாந்து மதில் சுவர் மேல வச்சுட்டு, எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. என் கையில குடுக்கல. கைபட்டா என்ன ஆயிடும்? நான் வெயில்ல நின்னு, சுவர் மேல கிடந்த என் பொண்ணு போட்டோவை நானே எடுத்துக்கிட்டேன்.

இவ்வளவுக்கும் எங்க ஆளுங்கதான் அவங்க. வேற யாரோ இல்ல. நாலஞ்சு தலைமுறையா கொண்டான் குடுத்தான் உள்ள கூட்டம். அதான் எனக்குப் பொறுக்கல.

விஷயம் என்னன்னா, போன வாரம் பொண்ணு பாக்க வந்தாங்க. என் பொண்ணு ஹேமா காலேஜ்ல பாடம் எடுக்கறா, பையன் பேங்க்ல இருக்கான். ஜாதகம் அப்படிப் பொருந்தியிருந்துது. என் வீட்டுக்காரம்மா மரகதம் கேசரி கிளறி, பஜ்ஜி போட்டு, எங்க கல்யாணத்துக்கு வந்த வெள்ளி டம்ளரையெல்லாம் பரண்லேர்ந்து இறக்கி விபூதி போட்டுத் தேய்ச்சு வச்சிருந்தா. அந்த டம்ளர்ல காபி குடிச்சவங்க எங்க வீட்ல கொஞ்சப் பேர்தான். சம்பந்தியாகப் போறவங்கன்னு எடுத்தது.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. பையனோட அம்மா என்னைப் பாத்து, அங்க நீங்க எந்த டிபார்ட்மெண்ட்ல இருந்தீங்கன்னு கேட்டா. நான் எதுக்கு மறைக்கணும்? கழிவு டிபார்ட்மெண்ட்னு சொன்னேன். கீழ்நிலைக் கதிரியக்கக் கழிவைக் கல்லாக்கி, அந்தக் கல்லு எத்தனை காலம் தாங்கும்னு சோதிக்கற வேலைன்னு விவரமாச் சொன்னேன். அவ காதுல ரெண்டே வார்த்தைதான் விழுந்துச்சு. கழிவு. கீழ்நிலை. மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. காபியை எடுக்கப் போன கையைப் பின்னால இழுத்து முந்தானையில தொடைச்சுக்கிட்டா. மரகதம் டம்ளரை இன்னும் கொஞ்சம் கிட்ட நகத்தி வச்சா. அப்பச் சொன்னா பாருங்க.

"வேணாம்மா. எங்களுக்குத் தாகமில்ல."

காபி குடிக்கறதுக்கு எதுக்குங்க தாகம்? எந்த ஊர்ல தாகம் எடுத்துக் காபி குடிக்கறாங்க? அவ சொன்னதும் கூட வந்த ஒருத்தரும் தொடல. அந்தப் பையன், பேங்க்ல ஊர்ப்பட்ட நோட்டை எச்சில் தொட்டு எண்ணறவன், அவனும் தாகமில்லன்னுட்டான். கேசரி ஆறிப் போயி கட்டியாச்சு. வாசல்ல செருப்பு மாட்டும்போது அந்தம்மா தன் நாத்தனார் கிட்டச் சொல்றா, கக்கூஸ் கழிவா இருந்தா என்ன, அணுக் கழிவா இருந்தா என்ன, கழிவு கழிவுதானேன்னு. என் காதுபடச் சொல்றா. படிச்சவ தம்பி. ஸ்கூல்ல டீச்சரா இருந்தவ.

கீழ்நிலைன்னா என்னன்னு நினைச்சாங்க? சொல்றேன் கேளுங்க. அங்க வேலை பாக்கறவங்க கை கழுவின தண்ணி. அவங்க மேலங்கியைத் துவைச்ச தண்ணி. தரையைத் தொடைச்ச துணி. அந்தத் தண்ணியை வடிகட்டினா அடியில சேறு மாதிரி தங்கும். அதை அப்படியே கொட்டிட முடியாது இல்லையா, அதுல கொஞ்சமா கதிரியக்கச் சரக்கு இருக்கு. அந்தச் சேத்தை சிமெண்டோட பிசைஞ்சு டிரம்ல ஊத்திக் கல்லாக்கிடுவாங்க. கல்லான பிறகு உள்ள போனது வெளிய வரக் கூடாது. மழை பெஞ்சாலும் வரக் கூடாது, பூமிக்குள்ள ஈரம் ஏறினாலும் வரக் கூடாது. முந்நூறு வருஷம் அப்படியே இருக்கணும்.

முந்நூறு வருஷம் இருக்குமான்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் நான். சின்னச் சின்னதா கல்லு வார்ப்போம், டம்ளர் உசரத்துக்கு. ஒண்ணை நசுக்கற மெஷின்ல குடுத்து எவ்வளவு பாரத்துக்கு உடையுதுன்னு பாப்பேன். ஒண்ணை சூட்டுல வச்சு, எடுத்துக் குளிர்ல வச்சு, மறுபடி சூட்டுல வச்சு வதைப்பேன். ஒண்ணை சுத்தமான தண்ணியில முழுக வச்சு மாசக்கணக்கா விடுவேன். நடு நடுவுல தண்ணியை மாத்தி, பழைய தண்ணியை எடுத்து, கல்லுக்குள்ள இருந்தது துளியாவது கசிஞ்சிருக்கான்னு பாக்கணும். கசிவுதான் எங்க தொழில்ல பெரிய வார்த்தை. உடையறது கூடப் பரவாயில்ல தம்பி, கசியக் கூடாது. என் கல்லு கசியாது. கிட்டத்தட்ட ஒண்ணுமே வெளிய விடாது. உள்ள என்ன வச்சோமோ அது அப்படியே கெட்டியா உள்ளயே இருக்கும். தலைமுறை தலைமுறையா மாறாம ஒரு பொருள் இருக்க முடியுமான்னு கேப்பாங்க. முடியும், நான் செஞ்சு காட்டியிருக்கேன்.

இன்னொண்ணு சொல்லட்டுமா? என் ரூம்ல இருந்த சோதனைக் கல்லுல நிஜக் கழிவே கிடையாது. அதே குணம் உள்ள சாதா உப்பைக் கரைச்சு ஊத்திச் செய்யறது. அது போக, வேலை முடிஞ்சு வெளிய வரும்போது எல்லாரும் ஒரு மெஷின்ல ஏறி நிக்கணும். கையை உள்ள விடணும். உடம்புல துளி ஒட்டியிருந்தாலும் சிவப்பு விளக்கு எரிஞ்சு கத்தும். அவ்வளவு வருஷத்துல எனக்கு ஒரு நாள் கத்தினது கிடையாது. பச்சை, பச்சை, பச்சை. மெஷின் சொல்லுது இவன் சுத்தம்னு. மனுஷி சொல்றா தாகமில்லன்னு. இதுக்கு மேல என்ன விஞ்ஞானம் வேணும் இந்த ஜனங்களுக்கு? அறியாமை தம்பி. அறியாமைன்னு கூடச் சொல்ல மாட்டேன், திமிரு. இன்னொருத்தனைத் தொட்டா நமக்கு ஒட்டிக்கும்னு நினைக்கறாங்க பாருங்க, அதை விட அழுக்கு வேற எதுவும் இல்ல.

அவங்க போன பிறகு ஹேமா செஞ்சதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. அழுவான்னு நினைச்சேன். அழல. ஆறின காபியையெல்லாம் சிங்க்ல ஊத்தினா. வெள்ளி டம்ளர் ஒவ்வொண்ணையும் கழுவினா. கழுவி, பரண்ல வைக்காம, பின்பக்கம் கொண்டு போய், துணி துவைக்கற கல்லுக்கு மேல சுவர்ல ஒரு ஆணி இருக்கு, அந்த ஆணியிலயும் அதுக்குப் பக்கத்துக் கம்பிகள்லயும் வரிசையாக் கவுத்து மாட்டி வச்சுட்டா. என்னடி இதுன்னு கேட்டா, இனிமே இது இங்கதாம்பா இருக்கணும்னு சொல்லிட்டு ரூமுக்குப் போயிட்டா. வெள்ளி டம்ளரை யாராவது வெளிய மாட்டுவாங்களா?

அந்த ஆணியா? அது வேற கதை. அது ஏகாம்பரத்தோட டம்ளர் மாட்டறதுக்கு அடிச்ச ஆணி. நீங்க சாத்தங்கரணைன்னு சொன்னீங்களே, அவனும் அந்தப் பக்கம்தான். தெரியுமா உங்களுக்கு? கறுப்பா, கொஞ்சம் கூன் விழுந்தாப்பல. தெரியும்ங்கறீங்களா, சரி. காண்ட்ராக்ட்ல எங்க கிட்ட வேலை பாத்தான். டிரம் உருட்டறது, சிமெண்ட் பிசையறது, கல்லு வார்க்கறது எல்லாம் அவன்தான். என்னை விட வயசு ஜாஸ்தி, ஆனா நல்ல பணிவு. ஞாயித்துக்கிழமையில எங்க வீட்டுக்கும் வருவான், தண்ணித் தொட்டி ஒழுகினா பூசிக் குடுப்பான், படி உடைஞ்சா ஒட்டிக் குடுப்பான். கூலி கேட்க மாட்டான், நானாக் குடுத்தா வாங்கிக்குவான். மரகதம் அவனுக்குன்னு ஒரு டம்ளர் வச்சிருந்தா. அதுல காபி ஊத்திக் குடுப்பா. குடிச்சுட்டு அவனே கழுவி ஆணியில மாட்டிட்டுப் போயிடுவான்.

ஐயோ, சாதியெல்லாம் இல்ல தம்பி. எனக்கு அதெல்லாம் கிடையாது, நான் சயின்ஸ்காரன். அது சேஃப்டி. டிரம்மோட புழங்கற ஆளு, வீட்ல சின்னப் பொண்ணு இருக்கா, எதுக்கு வம்புன்னுதான்.

அவன் மெஷின்ல நின்னா என்ன எரியும்னா கேக்கறீங்க? பச்சைதான். எல்லாருக்கும் பச்சைதான் எரியும். அது இல்ல விஷயம்.

நான் என்ன சொல்ல வந்தேன்? ஆங், ஏகாம்பரம்னதும் ஞாபகம் வருது. நீங்க வேற எங்கயும் கேட்டிருக்க மாட்டீங்க இந்தக் கதையை. என் வேலையில விழுந்த ஒரே கரி அது. என்னால இல்ல, அடுத்தவனால.

எங்க டிபார்ட்மெண்ட் பெரியவர் சுந்தரவரதன்னு ஒருத்தர் இருந்தார். சிமெண்டோட ஒரு வகைக் களிமண்ணைக் கலந்தா கசிவு இன்னும் குறையும்னு கண்டுபிடிச்சு, அதை எப்படியாவது மேலிடத்துல ஒப்புக்க வச்சுடணும்னு துடிச்சுக்கிட்டு இருந்தார். அந்தக் கல்லு என் ரூம்ல, என் பொறுப்புல ஜாடி ஜாடியா தண்ணிக்குள்ள இருந்துச்சு. மேலிடத்துலேர்ந்து ஒரு அம்மா தலைமையில குழு வந்து பாக்கறதா ஏற்பாடு. அவங்க சரின்னா அவருக்குக் கல்லு வார்க்கப் புது ஷெட்டு, எனக்கு புரமோஷன். வர்ற நாள் எதுன்னா, ஆயுத பூஜை லீவு முடிஞ்சு ஆபீஸ் திறக்கற அன்னிக்கி.

ஆயுத பூஜை எங்க ரூம்ல நான் செய்யறதுதான். வேற யாருக்கும் முறை தெரியாது. சில பேர் சந்தனம் வச்சு அதுக்கு மேல குங்குமம் வைப்பாங்க. எங்க வீட்டு வழக்கம் மஞ்சள். கடை மஞ்சத்தூள் இல்ல, கிழங்கு மஞ்சளை மரகதமே கல்லுல இழைச்சு டப்பாவுல போட்டுக் குடுப்பா. நான் மூணு விரலால எடுத்து வைப்பேன். நசுக்கற மெஷினுக்கு, தராசுக்கு, அலமாரிக்கு, விளக்குமாறுக்குக் கூட. என் கை படாத பொருள் ஒண்ணு அந்த ரூம்ல இருக்காது. வரிசையா இருக்கற பொருளா இருந்தா எல்லாத்துக்கும் வைக்க வேண்டியதில்ல, முதல் ஒண்ணுக்கு வச்சாப் போதும். வரிசை முழுக்க வச்ச மாதிரிதான்.

ஏகாம்பரமா? அவன் வாசல்ல நின்னான். பூஜை நேரத்துல உள்ள வர வேணாம்னு நான்தான் சொன்னேன். வேர்வை, டிரம் தொட்ட கை, எதுக்குன்னு. ஆனா பாருங்க, அவனை மறக்கல நான். பொரியும் கடலையும் ஒரு காகிதத்துல கட்டி ஜன்னல் கட்டை மேல வச்சு, எடுத்துக்கோ ஏகாம்பரம்னு சொன்னேன். எடுத்துக்கிட்டான். அவனுக்கு அதுல வருத்தமெல்லாம் கிடையாது.

லீவுக்கு முந்தின நாள் அது, தண்ணி மாத்தற நாளும் கூட. கல்லையெல்லாம் வெளிய எடுத்து, ஈரம் தொடைச்சு, எடை போட்டு, தட்டுல வரிசையா வச்சிருந்தேன். பூஜை முடிஞ்சதும் புதுத் தண்ணியில இறக்கி, மூடி போட்டு, ரூமைப் பூட்டிச் சாவியை செக்யூரிட்டி கிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன். ஸ்டாஃப் பஸ் ஹாரன் மேல ஹாரன் அடிக்கறான், கொஞ்சம் அவசரம்தான்.

லீவு முடிஞ்சு குழு வருது. சுந்தரவரதன் சார் சூட்டெல்லாம் போட்டுக்கிட்டு முன்னால நடக்கறார். நான் கதவைத் திறந்தேன். ஜாடியெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கு, முதல் ஜாடி மட்டும் ரத்தச் சிவப்பு. ரத்தம்னா ரத்தமேதான் தம்பி. நடுவுல கல்லு தொங்குது, சுத்தி சிவப்புத் தண்ணி. அந்தக் குழுத் தலைவி அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? பின்னால நகந்து புடவைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. கசிவுங்கறது மூக்கு வழியா வர்ற விஷயமா? எல்லாம் வெளிநாடு போய்ப் படிச்சுட்டு வந்த ஆளுங்க. கல்லுல நிஜக் கழிவு இல்லன்னும் தெரியும். இருந்தாலும் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு வாசலுக்குப் போறாங்க. பார்க்கவே அசிங்கமா இருந்துது.

எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. மூடியைத் திறந்து மோந்து பாத்தேன், சந்தேகமே இல்ல. ஆரத்தித் தண்ணி. நம்ம வீட்ல பொண்ணு மாப்பிள்ளைக்குச் சுத்தறது எப்படிக் கரைக்கறோம்? மஞ்சளைப் போட்டு சுண்ணாம்பைப் போட்டா சிவப்பாயிடுது இல்ல, அதேதான். சிமெண்ட்டுல இருக்கற சுண்ணாம்பு தண்ணியில இறங்கும். அது இயல்பு, அதுக்குப் பேரு கசிவு இல்ல. அதோட மஞ்சள் பட்டா ஆரத்திதான். கேண்டீன்லேர்ந்து மஞ்சத்தூள் எடுத்துட்டு வரச் சொல்லி, உப்புக் கலக்காத வேற ஒரு வெத்துக் கல்லு ஊறின தண்ணியில ஒரு சிட்டிகை போட்டுக் காட்டினேன். அவங்க கண்ணு முன்னாடியே சிவந்துச்சு. என் கல்லு ஒண்ணும் விடல, யாரோ கல்லு மேல மஞ்சள் வச்சிருக்காங்கன்னு சொன்னேன். வேற யாரா இருந்தாலும் கை தட்டியிருப்பாங்க.

அந்தம்மா சிரிக்கக் கூட இல்ல. சோதனைக் கல்லு மேல யார் மஞ்சள் வச்சதுன்னு கேட்டாங்க. சுந்தரவரதன் சார் என்னைப் பாத்தார். எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அந்த நேரத்துல ஒரு பதில் சொல்லியாகணும் இல்லையா? ஏகாம்பரம்னு சொன்னேன்.

அவன் வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்தான். கூப்பிட்டாங்க. வந்தான். நிதானமாச் சொன்னான்.

"சார், நான் அன்னிக்கி உள்ளயே வரலையே. நீங்கதானே வெளிய நிக்கச் சொன்னீங்க."

அவ்வளவுதான் சொன்னான். என் மூஞ்சியை ஒரு தடவை பாத்தான், அப்புறம் கீழ பாத்துக்கிட்டான். சண்டை போட்டிருந்தாக் கூட எனக்கு ஒண்ணும் இருந்திருக்காது. அந்தப் பார்வை இருக்கு பாருங்க, அது எனக்குப் பிடிக்கல. என்னமோ நான் அவனுக்கு வேண்டாதவன் மாதிரி. எத்தனை நாள் என் வீட்ல காபி குடிச்சிருக்கான்.

காண்ட்ராக்டர் அன்னிக்கே அவன் கேட் பாஸை வாங்கிக்கிட்டான். நிரந்தரம் ஆக்கறதுக்கு அவன் பேரு மேல போயிருந்துதாம், அதுவும் போச்சு. நான் என்ன பண்ண முடியும்? எனக்கு என்ன மிச்சம் சொல்லுங்க. குழு அந்த வரிசையையே தள்ளிட்டாங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. புரமோஷன் கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. ரிடையர் ஆகற வரைக்கும் கேண்டீன்ல என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டானுங்க தெரியுமா? ஆரத்தி. தணிகாசலம்னு எங்கப்பா வச்ச பேரு இருக்கு எனக்கு. ஆரத்தி வராரு, ஆரத்திக்கு ஒரு டீன்னு சொல்லுவானுங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுவானுங்க. அந்தச் சிரிப்பைப் பாத்தா எனக்கு வாந்தி வரும்.

என்ன கேட்டீங்க? மஞ்சள் யாரு கொண்டு வந்ததுன்னா? மரகதம் இழைச்சுக் குடுத்ததுன்னு சொன்னேனே.

முதல் கல்லுக்கு மட்டும்தானே இருந்துதுன்னா? ஆமா, முதல் ஜாடிதான். அதனால என்ன? நீங்க என்ன தம்பி, போலீஸ்காரன் மாதிரிக் கேக்கறீங்க. அவன் உள்ள வரலன்னு சொன்னா வராமலே இருந்துடுவானா? நான் ஸ்டாஃப் பஸ்ஸுக்கு ஓடினப்புறம் யாரு என்ன பண்ணான்னு யாருக்குத் தெரியும்? பூட்டித்தான் இருந்துது, இருந்தாலும். விடுங்க. எத்தனையோ வருஷம் ஆச்சு. பழைய கதை.

ஹேமா கூட ஒரு தடவை இப்படித்தான் கேட்டா. அப்ப அவ ஸ்கூல் படிச்சுக்கிட்டிருந்தா. ஏகாம்பரம் தாத்தா ஏம்பா வரதில்லன்னு. தாத்தாவாம். அவனுக்கு வேலை போச்சும்மான்னேன். ஏன் போச்சுன்னு விடாம கேட்டுக் கேட்டு, கடைசியில மரகதத்து கிட்டப் போயி மஞ்சள் டப்பாவைக் காட்டச் சொல்லியிருக்கா. அன்னிலேர்ந்து அவ கிட்ட ஒரு மாதிரி இருக்கு. அப்பான்னு கூப்பிடுவா, ஆனா கண்ணைப் பாத்துப் பேச மாட்டா. இப்ப இந்தப் பையன் போனதுல அவளுக்கு வருத்தமே இல்லன்னு நினைக்கிறேன். எனக்குத்தான் வயிறு எரியுது. ரிடையர் ஆன அப்பனுக்குக் கல்யாணம் ஆகாத ஒரே பொண்ணு வீட்ல இருந்தா எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. இனிமே எந்த வரன் வந்தாலும் இந்தச் செங்கல்பட்டுக்காரி பேச்சு முன்னாலயே போய் நிக்கும். கழிவு வீடு. அந்த வீட்ல தண்ணி குடிக்காதீங்க.

நேத்து ராத்திரி சாப்பிடும்போது அவ கிட்டச் சொன்னேன், அந்த டம்ளரையெல்லாம் எடுத்து உள்ள வையின்னு. மாட்டேன்னா. மரகதமும் எடுக்கல. ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டாங்க. சரின்னு நானே எடுக்கப் போனேன். போயி ஆணி கிட்ட நின்னேன். ஏனோ எடுக்கத் தோணல, வந்துட்டேன். இன்னும் அங்கதான் தொங்குது. காக்கா கொத்திக்கிட்டுப் போனாலும் போகட்டும்.

இந்தா, கண்டக்டர் விசில் அடிச்சுட்டான். பேசினதுல நேரம் போனதே தெரியல. சாத்தங்கரணை வந்துடுச்சு தம்பி, எழுந்திருங்க. மேல பை வச்சிருக்கீங்க, மறந்துடாதீங்க. உங்க கிட்டப் பேசினதுல மனசு கொஞ்சம் ஆறுச்சு. உங்களை மாதிரி நாலு பேர் எங்க ஆளுங்கள்ல இருந்தா எனக்கு இந்த அலைச்சலே இருந்திருக்காது. நம்ம வீட்டுக்கு ஒரு நாள் வரணும் நீங்க. டவுன்ஷிப் கேட்டு கிட்ட வந்து யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. மரகதம் காபி நல்லாப் போடுவா.

என்ன, இறங்கலையா? இதானே ஊர் ஸ்டாப்.

அடுத்ததா?

அடுத்தது காலனி ஸ்டாப் ஆச்சே.

ஓ.

சரி சரி. அப்ப ஏகாம்பரம் உனக்கு... இல்ல, ஒண்ணுமில்ல. விடு.

அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, சும்மாதான் தள்ளி உக்காந்தேன். இந்தப் பக்கம் வெயில் அடிக்குது.

தண்ணியா? இல்லப்பா, நீயே வச்சுக்க. எனக்குத் தாகமில்ல.